எழுப்பச் சொல்லியிருந்தார்கள்

வார்டோ துறையில் கப்பல் நிற்பது
கொஞ்ச நேரம்தான்.
அதற்குள் மீன் ஆலையின் வெள்ளை பூட்ஸோடு
பதினொரு பெண்கள் ஏணிப் பலகை வரை வந்துவிட்டார்கள்.
பெர்கித் என்பவள் மட்டும்
என் மேசைக்கே ஏறி வந்து
ஓர் உறையை வைத்தாள்.

"ஐந்நூற்றுப் பதினேழு. நேற்றுத்தான் கல்யாணம்.
ஜன்னல் உள்ள அறைதானே?"
ஜன்னல் உள்ள அறைதான்.
"வானத்தில் பச்சை வெளிச்சம் வந்தால்
எழுப்பிவிட வேண்டும், எந்நேரமானாலும்.
அதற்கும் சேர்த்துத்தான் கட்டியிருக்கிறோம்."

அதற்குக் கட்டணமே கிடையாது என்று
நான் சொல்லவில்லை.

காபி டப்பாவில் ஏழு மாதம் சேர்ந்த பணம்.
உறையில் இன்னும் மீன் வாசனை.
ஒட்டாத உறை; பார்த்தேன், ஒப்புக்கொள்கிறேன்.
பதினொரு கையெழுத்து,
அடியில் கொட்டை எழுத்தில்
'தூங்கித் தொலைக்காதீர்கள்!'
பக்கத்தில் கண்ணடிக்கும் ஒரு முகம்,
அதற்குப் பல் வரைந்து கெடுத்திருந்தாள் யாரோ.

தூருன், ரொக்காஸ்.
சாவி வாங்கும்போதே அவன் சொல்லிவிட்டான்,
அவளுக்குப் பகல் ஷிஃப்ட், மீன் அரியும் வரிசை.
அவனுக்கு ராத்திரி, ஐஸ் கிடங்கில்.
மூன்று வருடமாக ஒரே வீடு, ஒரே மெத்தை.
அவன் வந்து படுக்கும்போது
அவள் எழுந்துபோன சூடு
ஓரமாகக் கொஞ்சம் மிச்சம் இருக்குமாம்.

மேகத்தைத் தூது விட்டவர்கள் உண்டு,
அன்னத்தை, தென்றலை.
இவர்கள் விட்டது ஒரு மெத்தையை.

சாப்பாட்டு அறையில்
மெழுகுவத்தி ஏற்றி வைத்தோம்.
சூப்பை ஊதி ஊதிக் குடித்தார்கள்,
இந்த நேரத்தில் இந்த முகம்
எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள் போல.

மேஹாம்ன் தாண்டி, ஒன்றே முக்கால் மணி.
முதலில் கிழிந்த மேகம் என்றுதான் நினைத்தேன்.
பிறகு வடக்கு முனையில் நின்று யாரோ
படுக்கை விரிப்பை உதறினார்கள்.
பச்சை. மடிப்பின் ஓரத்தில் மட்டும் ஊதா.
அது கடலில் விழுந்து
எங்கள் கப்பலோடு கூடவே வந்தது.

எழுப்பச் சொன்ன அறைகள் முப்பத்திரண்டு.
ஜெர்மானியர்கள் இரவு உடைமேல் கோட்டை மாட்டிக்கொண்டு
கேமராக் காலைத் தூக்கி ஓடினார்கள்.
ஐந்நூற்றுப் பதினேழில்
ஒன்பது முறை மணி அடித்தது.

போனேன்.
தட்டுவதற்குக் கை ஓங்கினேன்.
உள்ளே இரண்டு குறட்டை.
ஒன்று பழைய டீசல் படகு,
மற்றது கெட்டில் கொதிப்பதற்குச் சற்று முந்தைய சத்தம்.
ஒன்றுக்கொன்று தாளம் சேரவில்லை.
விலகி, தடுக்கி, முந்தி,
ஒரு கட்டத்தில் சேர்ந்தே இழுத்தன,
மூன்று மூச்சு, நான்கு,
மறுபடி பிரிந்தன.

பெர்கித்தை நினைத்துக்கொண்டேன்.
கையை இறக்கினேன்.

மறுநாள் பதினொன்றரைக்கு,
காலை உணவெல்லாம் எடுத்துவைத்த பிறகு வந்தார்கள்.
"வந்ததா?"
வந்தது.
"எழுப்பினீர்களா?"
ஒன்பது மணி அடித்தேன் என்றேன்.
ஓங்கிய கையைப் பற்றி ஏன் சொல்ல வேண்டும்?

தூருன் முகத்தை மூடிக்கொண்டாள்.
"திங்கட்கிழமை அவர்கள் பதினொரு பேருக்கும்
என்ன சொல்வது?"

சரி, சாட்சி தயாரிப்போம் என்று
காகிதம் எடுத்தேன்.
நேரம். திசை. நிறம்.
"எப்படி இருந்தது என்று கேட்பார்களே?"
படுக்கை விரிப்பை உதறியதுபோல, என்றேன்.
"படுக்கையை இழுத்தால்
பெர்கித் அந்த இடத்திலேயே பிடித்துவிடுவாள்!"
என்று சிரித்தாள்;
சிரிப்பு நிற்க நேரமாயிற்று.

ரொக்காஸின் கன்னத்தில்
தலையணை மடிப்பின் மூன்று கோடுகள்.
அவள் விரல் வைத்து ஒன்றை
தாடை வரை தொடர்ந்தாள்.
"இது எத்தனை மணிக்கு வந்தது?"
குறிப்பில் இல்லை, என்றேன்.

ஹாமர்ஃபெஸ்ட் தெரியத் தொடங்கியது.
ட்ரோம்சோ போய்ச் சேர நள்ளிரவு ஆகும்,
அதுவரை அறை உங்களுடையதுதான்,
இன்றைக்கும் வந்தால் எழுப்பவா?

"எழுப்புங்கள்" என்றாள் அவள்.
"வேண்டாம்" என்றான் அவன்,
அதே நொடியில்.

இரண்டையும் எழுதிக்கொண்டேன்.